30 சதவீதம் என்றால் பள்ளிக்கூடம் எதுவும் செய்ய வேண்டாமா?

கேள்வி, ஜூன் 9

பையன் ஏழாம் வகுப்பு, மெட்ரிக் பள்ளி. சின்ன வயதில் அடிபட்டு இடது கண் பார்வை போய்விட்டது. வலது கண் நன்றாக இருக்கிறது. மெடிக்கல் போர்டில் குறைபாடு 30 சதவீதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். முன் பெஞ்சு, கொஞ்சம் பெரிய எழுத்தில் கேள்வித்தாள், பரீட்சையில் கூடுதல் நேரம், இவ்வளவுதான் கேட்டேன். 40 இருந்தால்தான் சட்டம், 30க்கு எதுவும் கிடையாது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். சட்டமே அப்படித்தானா டீச்சர்?

ஜூன் 9, இரவு

இல்லம்மா. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 (நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரல் 19) இரண்டு வகை ஆட்களைப் பற்றிப் பேசுகிறது. ஒன்று, நீண்ட காலக் குறைபாடு இருந்து, சுற்றியிருக்கும் தடைகளால் மற்றவர்களைப் போல முழுதாகப் பங்கெடுக்க முடியாமல் போகிறவர். இந்த விளக்கத்தில் சதவீதம் என்ற பேச்சே கிடையாது. இரண்டாவது, அந்தக் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாது என்று சான்றிதழ் பெற்றவர். 40 என்ற பேச்சு இந்த வகைக்குத்தான். பள்ளிகளின் கடமையைச் சொல்லும் 16வது பிரிவு முதல் வகைக்கானது. அந்தப் பிரிவை மேலிருந்து கீழ்வரை படித்துப் பாருங்கள், 40 என்ற எண் எங்கேயும் வராது. சேர்க்கையில் பாகுபாடு கூடாது, கட்டடம் போய்வரத் தோதாக இருக்க வேண்டும், அந்தந்தப் பிள்ளையின் தேவைக்கு ஏற்ற மாற்றங்களைச் செய்து கொடுக்க வேண்டும் என்று வரிசையாகப் போகிறது. அப்படிச் செய்து கொடுக்க மறுப்பதே பாகுபாடு என்று 2வது பிரிவு விளக்கமாகவே சொல்லியிருக்கிறது.

ஒற்றைக் கண் பார்வைக்கு 30 சதவீதம் என்பது மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதலில் இருக்கிற எண். உங்கள் போர்டு கஞ்சத்தனம் பண்ணவில்லை. சதவீதத்தைக் கூட்டச் சொல்லி மறுபடி ஆஸ்பத்திரிக்கு அலையாதீர்கள்.

ஜூன் 10

40 எதற்கெல்லாம் வேண்டும் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான், ஏனென்றால் எதற்குமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 6 முதல் 18 வயது வரை, பக்கத்துப் பள்ளியிலோ தாங்கள் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி, அது 31வது பிரிவு, அதற்கு 40 வேண்டும். அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இட ஒதுக்கீடு, வயது வரம்பில் 5 ஆண்டு தளர்வு, அது 32. இலவசப் புத்தகம், உபகரணம், ஸ்காலர்ஷிப் எல்லாம் 17வது பிரிவு, அங்கேயும் 40. ஆனால் அதே 17வது பிரிவில் தேர்வு முறையை மாற்றிக் கொடுப்பது பற்றி ஓர் உட்பிரிவு இருக்கிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழியிலிருந்து விலக்கு எல்லாம் அதில்தான் வருகின்றன. அந்த இடத்தில் 40 இல்லை.

அதாவது அரசு பணமோ இடமோ கொடுக்கிற இடத்தில் வாசலில் ஒரு எண் நிற்கிறது. வகுப்பறைக்குள் ஒரு பிள்ளையை எப்படி நடத்துவது என்பதற்கு எண் கிடையாது. பள்ளிகள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, எதைக் கேட்டாலும் மாற்றுத்திறனாளி கார்டை எடு, கார்டை எடு என்கின்றன.

ஜூன் 12

“தனியார் பள்ளியை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது, அரசுப் பள்ளிக்குத்தான்” என்று மேலே ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். 16வது பிரிவின் முதல் வரியிலேயே அரசிடம் நிதி பெறும் நிறுவனம், அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனம் என்று இரண்டும் இருக்கின்றன. மெட்ரிக் பள்ளிக்கு அங்கீகாரம் யார் கொடுப்பது? பள்ளி வாசலில் கொட்டை எழுத்தில் “அரசு அங்கீகாரம் பெற்றது” என்று போர்டு வைத்திருப்பார்களே, அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மனுவோடு இணைக்கலாம்.

அந்தப் பிரிவு “அரசு முயல வேண்டும்” என்றுதான் தொடங்குகிறது, கட்டாயம் இல்லையே என்று அதே அன்பர் அடுத்த பதிவில் மடக்குகிறார். சட்டத்தை எழுதியவர்கள் அந்த இடத்தில் கையைக் கொஞ்சம் தளர்த்தியது உண்மை, எனக்கும் அதில் எரிச்சல் உண்டு. ஆனால் சமத்துவத்தைப் பற்றிய 3வது பிரிவில் அந்தத் தளர்வு கிடையாது, மாற்றங்கள் செய்து கொடுக்கப்படுவதை அரசு உறுதி செய்ய வேண்டும் என்றே இருக்கிறது. பள்ளி தப்பிக்க வேண்டுமானால் ஒரே ஒரு வழிதான், கேட்டது தாங்க முடியாத சுமை என்று காட்ட வேண்டும். ஏ4 கேள்வித்தாளை ஏ3யில் பெரிதாக்கி ஒரு ஜெராக்ஸ் எடுப்பது ஒரு மெட்ரிக் பள்ளிக்குத் தாங்க முடியாத சுமை என்று எந்த அதிகாரி முன்னால் போய்ச் சொல்வார்கள் என்று பார்க்க எனக்கும் ஆசைதான்.

ஜூன் 15

கோர்ட் தீர்ப்பு ஏதாவது உண்டா என்று கேட்டவருக்கு. உண்டு, இந்த விஷயத்துக்கென்றே ஒன்று இருக்கிறது. விகாஷ் குமார் எதிர் யுபிஎஸ்சி, உச்ச நீதிமன்றம், 2021 பிப்ரவரி 11. அவருக்கு எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை. சிவில் சர்வீஸ் தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவர் கேட்டார். மருத்துவர்கள் போட்ட சதவீதம் வெறும் 6. உன்னுடையது 40 இல்லை, ஆகவே கிடையாது என்றது தேர்வாணையம். நீதிபதி சந்திரசூட் எழுதிய தீர்ப்பு, சொல்வதை எழுதுபவர் வசதிக்கு 40 சதவீதம் நிபந்தனை ஆகாது என்றது. இட ஒதுக்கீட்டுக்கு வைத்த அளவுகோலை எல்லா இடத்திலும் கொண்டுபோய் நீட்டக்கூடாது என்பதுதான் சாரம். 30க்காக வாதாடுகிறவருக்கு 6இல் ஜெயித்த வழக்கை விடப் பெரிய துணை என்ன வேண்டும்?

இதில் நம் ஊர்ச் சங்கதி ஒன்றும் ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் சிவில் நீதிபதி வேலைக்கு விண்ணப்பித்த பார்வைக் குறைபாடுள்ள வழக்கறிஞர் ஒருவர், தன் 70 சதவீதம், அறிவிப்பில் இருந்த 40–50 வரம்பைத் தாண்டிவிட்டது என்பதற்காக நிராகரிக்கப்பட்டார். சுரேந்திர மோகன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றமே அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விகாஷ் குமார் தீர்ப்பு அதையும் எடுத்துப் பேசி, தேவைக்கு ஏற்ற மாற்றம் என்ற கோட்பாட்டையே கணக்கில் எடுக்காத தீர்ப்பு அது, முன்னுதாரணமாகக் கொள்ள முடியாது என்று ஒதுக்கி வைத்தது. 2025 மார்ச்சில், பார்வைக் குறைபாடு ஒன்றை மட்டும் காரணம் காட்டி யாரையும் நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கக்கூடாது என்றும் தீர்ப்பு வந்துவிட்டது. சுரேந்திர மோகன் போட்ட வழக்குக்கு அதனால் இனி என்ன பயன் என்று கேட்காதீர்கள், பதில் எனக்கும் வலிக்கிறது.

ஜூன் 15, சாயங்காலம்

ஒருவர் அவர்கள் பள்ளிச் சாய்தளத்தின் படம் போட்டிருக்கிறார். ஐயா, அது தலைமையாசிரியரின் பைக் ஏற கட்டினது. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் இருக்க வேண்டும், ஒன்றரை அடி வாசல்படிக்கு 18 அடி. உங்கள் படத்தில் இருப்பது சறுக்குமரம். தேர்தல் வரட்டும், நம் பள்ளிகளில் பாதிச் சாய்தளம் வாக்குச்சாவடிக்காக வந்ததுதானே. 18 வயது வரைக்கும் அந்தப் படியில் தூக்கிவிட ஆள் தேடிய பிள்ளைக்கு ஓட்டு வந்த அன்று பாதை கிடைக்கிறது.

ஜூன் 22

பள்ளிகளைத் திட்டிக்கொண்டே போகிறேன், ஆனால் இந்தக் கார்டுப் பழக்கத்தை அவர்களுக்கு யார் கற்றுக் கொடுத்தது என்று யோசித்தால் எங்கள் துறைக்கும் அதில் பங்கு இருக்கிறது. நான் பல வருஷம் ஒரு வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர். தொகுப்பூதியம், பஸ்ஸில் ஊர் ஊராகப் போக வேண்டும், ஒரு நாளில் இரண்டு பள்ளி, அப்புறம் படுக்கையோடு இருக்கும் பிள்ளையின் வீட்டுக்கு வீட்டுவழிப் பயிற்சி. எங்கள் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்திலேயே சதவீதம். பணம் அந்தப் பட்டியல்படி வருகிறது. சமக்ர சிக்ஷா என்ற மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 3500 ரூபாய் கணக்கு, பெண் பிள்ளைகளுக்கு மாதம் 200 வீதம் பத்து மாத உதவித்தொகை. பட்டியலில் ஏறுவதற்கு அட்டை, அட்டைக்கு முகாம், முகாமுக்குத் தேதி. அதனால் ஒரு ஆசிரியர் “டீச்சர், இந்தப் பையன் கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்து எழுதுகிறான்” என்று சொன்னால் எங்கள் வாயில் முதலில் வரும் கேள்வி, அட்டை இருக்கிறதா? அவனை இரண்டு வரிசை முன்னால் உட்கார வைக்க அட்டை எதற்கு?

முகாம்களில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். மூளை முடக்குவாதமுள்ள ஒரு சின்னப் பெண்ணுக்குப் பெரியவர் அளவு சக்கர நாற்காலி வந்தது, அவளை உட்கார வைத்தால் தலை மட்டும்தான் வெளியே தெரியும். அவள் அம்மா பழைய தலையணைகளைக் கட்டி, பெல்ட் தைத்து, அதைச் சரிசெய்து பள்ளிக்குக் கொண்டு வந்தார். அங்கே வாசல்படி. அந்தப் பள்ளியில் ஒரு ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் யாரிடமும் கேட்காமல், மாடியில் இருந்த தன் வகுப்பைக் கீழே மாற்றிக்கொண்டார். ஒரு ஆணையும் இல்லை, ஒரு ரூபாய் செலவும் இல்லை. சட்டத்தில் இருக்கும் ‘தேவைக்கு ஏற்ற மாற்றம்’ என்பதற்கு நான் பார்த்ததில் சரியான உதாரணம் அவர்தான், அவருக்குச் சட்டம் தெரியாது.

சிறப்பாசிரியர் எண்ணிக்கை பற்றியும் ஒருவர் கேட்டார். தொடக்க நிலையில் மாற்றுத்திறனுள்ள 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15க்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் விகிதம் வகுத்தது. 2025 மார்ச்சில் மறுபடி, பணியிடங்களை உருவாக்கி நிரப்புங்கள் என்று மாநிலங்களை முடுக்கியது. என்னோடு வேலை பார்த்தவர்கள் பலர் இன்னும் தொகுப்பூதியத்தில்தான் இருக்கிறார்கள்.

ஜூலை 2

கற்றல் குறைபாடு உள்ள பெண்ணின் அப்பா கேட்டிருக்கிறார், இரண்டாம் வகுப்பு, எழுத்துகள் தலைகீழாக வருகின்றன, ஆஸ்பத்திரியில் 8 வயது ஆகட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், அதுவரை பள்ளி ஒன்றும் செய்யாதாம்.

ஆஸ்பத்திரி சொன்னது விதிதான். மத்திய அரசின் மதிப்பீட்டு வழிகாட்டுதல்படி 8 வயதுக்கு முன் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் கிடையாது, 14இல் மறுபடி, 18இல் மறுபடி பரிசோதிக்க வேண்டும், 18இல் தருவதுதான் ஆயுளுக்கும் செல்லும். ஆனால் 16வது பிரிவு என்ன சொல்கிறது? கற்றல் குறைபாட்டை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பள்ளியே கண்டுபிடித்து, அதற்கேற்ற முறையில் கற்பிக்க வேண்டும் என்கிறது. ஆறு வயதில் கண்டுபிடித்தால் எட்டு வயது வரை அந்தப் பிள்ளை கையில் என்ன காகிதம் இருக்கும்? ஒன்றும் இருக்காது. காகிதம் இல்லாத காலத்துக்கும் சேர்த்துத்தான் சட்டம் கடமையை வைத்திருக்கிறது. நான் முதல் நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பதற்கு இதைவிட நேரடியான ஆதாரம் இல்லை, இது ஏன் எனக்கு முதலிலேயே எழுதத் தோன்றவில்லையோ.

அப்பாவுக்கு ஒன்று. அவளைக் கரும்பலகையில் எழுதச் சொல்லி வகுப்பு முன்னால் நிறுத்துவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். வாய்மொழியாகப் பதில் சொல்லட்டும். நோட்டில் எழுத்துப் பிழைக்குச் சிவப்பு மை அடிப்பது கொஞ்ச நாள் நிற்கட்டும். இதற்கெல்லாம் சான்றிதழ் கேட்டால் என்னைக் கூப்பிடுங்கள்.

ஜூலை 3

முதலில் கேட்ட அம்மா, “அப்போ சொல்வதை எழுதுபவரும் கேட்கலாமா” என்கிறார். வேண்டாம். பையன் எழுதுகிறான், எழுதட்டும். 40க்குக் கீழே இருப்பவர்களுக்காக மத்திய அரசு 2022 ஆகஸ்ட் 10இல் தந்த வழிகாட்டுதல் எழுதுவதில் சிரமம் உள்ளவர்களுக்கென்று வந்தது. உங்கள் பையனுக்குச் சிரமம் நெருக்கமான எழுத்தைத் தொடர்ந்து படிப்பதிலும், வரைபடம், கிராஃப் மாதிரி இடங்களிலும். ஒரே கண் எல்லா வேலையும் பார்ப்பதால் சீக்கிரம் களைத்துவிடுகிறது என்கிறீர்கள். அதற்கு நேரமும் எழுத்து அளவும்தான் மருந்து. தேவையில்லாததைச் சேர்த்துக் கேட்டால் தேவையானதையும் சேர்த்து மறுப்பார்கள்.

அப்புறம் சொல்வதை எழுதுபவர் என்பது வெளியே இருந்து பார்க்கத்தான் வசதி. ‘ழ’ சொன்னால் ‘ள’ எழுதுகிறவர், தூங்கி வழிகிறவர், “இந்த விடை தப்பு தம்பி” என்று தானே மாற்றி எழுதுகிறவர் என்று எல்லா ரகமும் உண்டு. முன்னதாகப் பழகிப் பார்க்காமல் பரீட்சை அன்று சந்திப்பது இரண்டு பேருக்கும் தண்டனை.

நேரம் கொடுக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கும் வழக்கு இருக்கிறது. அவ்னி பிரகாஷ், 2021 நவம்பர். எழுத்துக் கற்றல் குறைபாடுள்ள மாணவி, நீட் தேர்வில் தர வேண்டிய கூடுதல் ஒரு மணி நேரத்தைத் தராமல் தாளைப் பிடுங்கிவிட்டார்கள். மறுதேர்வு கிடையாது, ஆனால் நடந்த அநியாயத்தைச் சரிசெய்ய என்ன வழி என்று ஒரு வாரத்தில் முடிவு செய் என்று தேர்வு முகமைக்கு உத்தரவு. தப்பு செய்த அலுவலகத்திடமே பரிகாரத்தை விட்டது எனக்கு உவப்பில்லை. இருந்தாலும், மாணவி கேட்டது தயவு அல்ல என்பதை எழுத்தில் வைத்த தீர்ப்பு.

ஜூலை 20

நீட் பேச்சு வந்ததால் இந்தக் கேள்வி பதில் இழை அந்தப் பக்கம் ஓடிவிட்டது, பதில் சொல்லிவிட்டுத் திரும்புகிறேன். மருத்துவப் படிப்பில் எண்களின் கூத்து இன்னும் விசித்திரமாக இருந்தது. 40க்குக் கீழே இருந்தால் ஒதுக்கீட்டுக்கு ஆள் போதாது, கை கால் குறைபாடு 80க்கு மேலே போனால் டாக்டர் ஆக ஆள் ஆகாது என்று வைத்திருந்தார்கள். 2024 அக்டோபரில் ஓம்கார் கோண்ட், ஓம் ரதோட் என்று அடுத்தடுத்து இரண்டு வழக்குகள். சதவீதத்தை மட்டும் வைத்துத் தகுதியில்லை என்று தள்ளக்கூடாது, இந்த ஆள் இந்தப் படிப்பைச் செய்ய முடியுமா, என்ன வசதி செய்தால் முடியும் என்று போர்டு பார்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். மேலே சிலர் “கை இல்லாதவர் எப்படி ஆபரேஷன் செய்வார்” என்று கேட்டிருக்கிறார்கள். எல்லா டாக்டரும் ஆபரேஷனா செய்கிறார்கள்? என் தோல் டாக்டர் என்னை நிமிர்ந்துகூடப் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 4

பள்ளி வாய்வார்த்தையாகவே மறுத்துக்கொண்டிருக்கிறதாம். வாய்வார்த்தை இருக்கும்வரை உங்களிடம் ஒன்றும் இல்லை. ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். என்ன குறைபாடு, வகுப்பில் எங்கே சிக்குகிறது, என்ன மாற்றம் வேண்டும், இவ்வளவுதான். “கருணையுடன்”, “தாழ்மையுடன்” எல்லாம் வேண்டாம், கும்பிடு போட்டுக் கேட்டால் கும்பிடுக்கான பதில்தான் வரும். சதவீதத்தை முதல் வரியில் எழுதாதீர்கள், சான்றிதழை இணைப்பாக வையுங்கள். கண் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள், அதில் 30 என்பதை விட “நெருங்கிய எழுத்தை நீண்ட நேரம் படிக்கச் சிரமம், பெரிய எழுத்தும் கூடுதல் நேரமும் தேவை” என்ற வரிதான் முக்கியம். ஆபீஸில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் பதிவுத் தபால்.

பதில் இல்லையென்றால் முதன்மைக் கல்வி அலுவலர், நகல் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு. அதுவும் நகரவில்லையென்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். பலர் அந்த இடத்தை ஸ்கூட்டர் கொடுக்கும் ஆபீஸ் என்றே நினைத்திருக்கிறார்கள். அவருக்கு விசாரணைக்கு ஆளை வரவழைக்கவும் ஆவணத்தைக் கேட்டு வாங்கவும் சிவில் கோர்ட்டுக்குள்ள அதிகாரம் உண்டு. அவருடைய பரிந்துரை மீது என்ன செய்தோம் என்று சம்பந்தப்பட்ட அதிகாரி மூன்று மாதத்தில் சொல்ல வேண்டும், ஏற்காவிட்டால் காரணம் எழுத வேண்டும். வக்கீல் வைக்க வேண்டிய அவசியமில்லை. பரிந்துரைதானே, உத்தரவு இல்லையே என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் அங்கிருந்து ஒரு நோட்டீஸ் வந்ததும் ஜெராக்ஸ் மெஷின் வேலை செய்ய ஆரம்பித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

“மனு கொடுத்தால் பிள்ளையைப் பழிவாங்குவார்கள்” என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். பயம் வெறும் பிரமை என்று சொல்ல மாட்டேன். டிசி வாங்கிக்கொண்டு போங்கள் என்று நேராகச் சொல்லாமல் “உங்கள் பிள்ளையின் நல்லதுக்குத்தான்” என்று தொடங்கும் பேச்சை நானும் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அதனால்தான் முதல் கடிதம் சண்டைக் கடிதமாக இருக்க வேண்டாம் என்கிறேன். சட்டப் பிரிவு ஒரே ஒரு வரியில் கடைசியில் வந்தால் போதும்.

ஆகஸ்ட் 19

அந்த அம்மா எழுதியிருக்கிறார். கடிதம் கொடுத்து, கல்வி அலுவலகத்துக்கும் நகல் போனபின், முன் பெஞ்சு கிடைத்தது, யூனிட் டெஸ்டுக்கு ஏ3 தாள் கிடைத்தது. நேரம் “பார்க்கலாம்” என்ற நிலையில் இருக்கிறது. காலாண்டுக்கு முன்னால் அதையும் எழுத்தில் கேளுங்கள், பத்தாம் வகுப்பில் தேர்வுத் துறைக்குப் பள்ளி வழியாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும், அப்போது மூன்று வருஷமாக இந்தப் பையனுக்கு இதெல்லாம் கொடுத்து வந்தோம் என்ற பதிவு இருந்தால் பேச்சு சுலபம்.

ஆனால் முன் பெஞ்சில் வலது ஓரம் போட்டிருக்கிறார்களே! போன கண் இடது. வலது ஓரத்தில் உட்கார்ந்தால் மொத்த வகுப்பும் பார்வை இல்லாத பக்கம் போய்விடும், ஒவ்வொரு தடவையும் கழுத்தைத் திருப்ப வேண்டும். இடது ஓரத்துக்கு மாற்றச் சொல்லுங்கள். நடக்கும்போது யாராவது கூட வந்தால் அவர்கள் பையனின் இடப்பக்கம் வரட்டும், பார்வை இல்லாத பக்கத்துக்குத் துணையாக.

ஆகஸ்ட் 20

பி.இ.டி. மாஸ்டர் கிரிக்கெட் ஆட விடவில்லையாம், மீதிக் கண்ணில் பட்டால் யார் பொறுப்பு என்கிறாராம். அவர் பயம் புரிகிறது, ஆனால் 16வது பிரிவின் முதல் உட்பிரிவிலேயே விளையாட்டு இருக்கிறது, மற்றவர்களுக்குச் சமமாக என்று. நம் முன்னாள் கிரிக்கெட் கேப்டன் பட்டோடி 1961இல் கார் விபத்தில் வலது கண் பார்வையை இழந்து, 1962 ஜனவரியில் இங்கே சென்னையில்தான் இங்கிலாந்துக்கு எதிராகத் தன் முதல் டெஸ்ட் சதத்தை அடித்தார். இதைச் சொல்லிப் பையனை உசுப்பேற்ற வேண்டாம், மாஸ்டரிடம் சொல்லுங்கள். பாலிகார்பனேட் லென்ஸ் போட்ட விளையாட்டுக் கண்ணாடி கண் டாக்டரிடம் எழுதி வாங்கலாம், சாதாரணக் கண்ணாடி வேண்டாம், உடையும். முதலில் டென்னிஸ் பால். பந்து எவ்வளவு தூரத்தில் வருகிறது என்பதை ஒற்றைக் கண் பழகிக்கொள்ள நாளாகும், அதுவரை ஸ்லிப்பில் நிறுத்த வேண்டாம், பாயிண்டில் நிறுத்தினால் அவனே பார்த்துக்கொள்வான்.